மெட்டாரா, டாஃப்பா: இறங்கும் நேரத்துக்கு எதை நம்புவது?

விமானம் ஓட்டப் படிக்கிற பலர் விமான நிலைய வானிலை அறிக்கையான மெட்டாரைப் படித்ததுமே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதில் இருப்பது அளந்த நேரத்து வானிலை. இறங்கப்போகும் நேரத்துக்கு விமான நிலைய வானிலைக் கணிப்பான டாஃப்தான் வேண்டும்.

சென்னைக்கு மெட்டார் அரை மணிக்கு ஒரு முறை வரும். நிலைமை திடீரென்று கெட்டால் நடுவில் ஸ்பெசி என்ற சிறப்பு அறிக்கையும் வரும். டாஃப் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியாகும், 30 மணி நேரத்துக்கான கணிப்பு.

போகியன்று டெல்லியிலிருந்து கிளம்பி காலை 7.45-க்குச் சென்னையில் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் உள்ள மெட்டார்: ‘132300இசட் 00000கேடி 3000 பிஆர் 21/21 நோசிக்’. உலக நேரப்படி 13-ஆம் தேதி 23 மணி, நமக்கு 14-ஆம் தேதி அதிகாலை 4.30. காற்று அசையவில்லை, 3000 மீட்டர் வரை தெரிகிறது, லேசான பனிமூட்டம், பெரிய மாற்றம் இராது (நோசிக்). தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நோசிக் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். 6.30-க்கு அப்புறம் அதற்குப் பேச்சில்லை.

டாஃப்பில் ‘டெம்போ 1400/1403 0800 எஃப்ஜி’ என்றிருந்தால் கதையே வேறு. 5.30 முதல் 8.30 வரை அவ்வப்போது மூடுபனியால் (எஃப்ஜி) பார்வைத் தொலைவு 800 மீட்டராகக் குறையலாம் என்று பொருள். டெம்போ என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள், மொத்தத்தில் பாதி நேரத்துக்குக் குறைவாக. சரி, கொஞ்ச நேரம் சுற்றிக் காத்திருக்க எரிபொருள் இருந்தால் போதும் என்று தோன்றும். பிகமிங் என்று போட்டிருந்தால் காத்திருந்து பயனில்லை. மாறிய நிலை அப்படியே நிற்கும். போகிப் புகையும் பனியும் சேர்ந்த காலையில் டெம்போவையும் நான் பிகமிங் போலவே எடுத்துக்கொள்வேன். காற்று இல்லாதபோது புகை எங்கே போகும்?

மெட்டார் முந்துகிற இடமும் உண்டு. ஓடுபாதைப் பார்வைத் தொலைவு அதில்தான் கிடைக்கும். கடைசி நாலைந்து மெட்டாரை வரிசையாக வைத்துப் பார்த்தால் டாஃப் பலிக்கிறதா என்பதும் தெரியும்: 5000, 4000, 3000 என்று இறங்கி, வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகும் வெப்பநிலை) 21/21 என்று ஒட்டிவிட்டால், பலிக்கப்போகிறது.

அப்படியானால் ஆல்டர்நேட்டுக்கும் (மாற்று விமான நிலையம்) சேர்த்து எரிபொருள் போடுங்கள். பெங்களூரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட வேண்டாம். ஜனவரி காலையில் அங்கும் பனி இறங்கும். அதன் டாஃப்பையும் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் ஹைதராபாத்.