கோழி மாதிரிக்கு எந்தக் கரைசல்? ஐந்தின் ஒப்பீடு

பல்லடத்து ஆலையில் சுத்தம் செய்த கறிக்கோழியின் மாதிரி கோயம்புத்தூர் ஆய்வகத்துக்குப் போகிறது. வயிற்றுப்போக்கு தரும் கிருமியான "சால்மோனெல்லா இல்லை" என்று அறிக்கை வருகிறது. அதை நம்புவதற்கு முன், மாதிரியை எந்தக் கரைசலில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். கோழியைக் குளிர்விக்கும் சில்லர் தொட்டியில் கலந்த கிருமிநாசினி கோழியின் தோலில் தங்கி, மாதிரிக்காகக் கோழியை அலசிய கரைசலோடு பாட்டிலுக்குள்ளும் வந்துவிடுகிறது. ஐஸ் பெட்டியில் போகும் வழியெல்லாம் அது தன் வேலையைத் தொடர்கிறது. கோழியின்மேல் உயிரோடு இருந்த கிருமி பாட்டிலில் சாகிறது. அறிக்கையில் சுத்தமாகத் தெரியும் அதே கோழிதான் ஒருவர் வீட்டுச் சமையலறைக்குப் போகிறது. அதனால் அந்தக் கிருமிநாசினியை முறிக்கும் கரைசல் வேண்டும்.

எல்லா ஆய்வகத்திலும் இருப்பது வெறும் பஃபர்டு பெப்டோன் வாட்டர், கிருமியை வளர்க்கும் சத்துக் கரைசல். சால்மோனெல்லா சோதனையின் முதல் கட்ட வளர்ப்புக்கு உரியது அதுவே, விலையும் குறைவு. அதிலுள்ள பெப்டோன் கொஞ்சம் குளோரினைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். தொட்டியில் கலக்கும் இன்னொரு கிருமிநாசினியான பெராசிட்டிக் அமிலம் அதிகமாக வந்தால் அது தாங்காது. கரைசலின் அமிலத்தன்மை ஏறிவிடும். குடிநீரில் மட்டும் கோழியைக் குளிர்விக்கும் ஆலைக்கு இது போதும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதனுடன் சோடியம் தயோசல்பேட் சேர்ப்பது இரண்டாவது வழி. குளோரின் கலந்த குடிநீரைச் சோதிக்க எடுக்கும் பாட்டிலில் நெடுங்காலமாகப் போடப்படுவதும் இந்த உப்புதான். அதனால் நீர் ஆய்வகங்களுக்குப் பழக்கமானது. குளோரினை உடனே முறித்துவிடும். குளோரின் மட்டுமே பயன்படுத்தும் சிறிய ஆலைக்கு இதைவிடச் செலவு குறைந்த நல்ல வழி இல்லை. பெராசிட்டிக் அமிலத்தின் ஆக்சிஜனேற்ற வீரியத்தையும் இது அடக்கும். ஆனால் கூடவே வரும் அசிட்டிக் அமிலத்தை ஒன்றும் செய்யாது.

அந்தக் குறையைத் தீர்ப்பது நடுநிலையாக்கும் பெப்டோன் வாட்டர். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவு 2016 ஜூலை முதல் கோழி அலசல் மாதிரிகளுக்கு இதற்கு மாறியது. பெப்டோன் வாட்டரோடு 0.1 சதவீதம் தயோசல்பேட், 1.25 சதவீதம் சோடியம் பைகார்பனேட், 0.7 சதவீதம் சோயா லெசித்தின் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை: தயோசல்பேட் குளோரினையும் பெராசிட்டிக்கையும் முறிக்கிறது, பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கிறது, லெசித்தின் செட்டைல் பிரிடினியம் குளோரைடு போன்ற குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) வகைக் கிருமிநாசினிகளைப் பிடித்துக்கொள்கிறது. பெராசிட்டிக் பயன்படுத்தும் ஆலை, அதிலும் ஏற்றுமதியை எண்ணும் ஆலை, இதைத்தான் வாங்க வேண்டும். முறித்த பிறகு அதே திரவத்திலேயே கிருமியை வளர்க்கலாம் என்பது பெரிய வசதி. லெசித்தின் எளிதில் கரையாது, அடியில் படியும். பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் கொடுத்த காசு வீண்.

டே-எங்லி கரைசல் இன்னும் பலவற்றை முறிக்கும்: தயோசல்பேட், பைசல்பைட், தயோகிளைகோலேட், லெசித்தின், பாலிசார்பேட் 80 எல்லாம் அதில் உண்டு. வெட்டு மேசை, கன்வேயர், கத்தி ஆகியவற்றைத் துடைத்து எடுக்கும் ஸ்வாபுக்கு என் தேர்வு இதுவே. இரவில் தரையையும் கருவிகளையும் கழுவ எந்த மருந்தைப் பயன்படுத்தினார்கள் என்பது பல நேரம் மாதிரி எடுப்பவருக்குத் தெரியாது. முழுக்கோழி அலசலுக்கு இது தேவையில்லை. ஐந்தாவதான லெத்தீன் கரைசலில் லெசித்தினும் பாலிசார்பேட்டும்தான் முறிப்பவை. குவாட் வகைக்குச் சரி, குளோரின் ஆலைக்குப் பொருந்தாது.

எதை வாங்கினாலும், உங்கள் தொட்டி நீரில் வைத்தே அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். தொட்டி நீரையும் கரைசலையும் கலந்து, அதில் தெரிந்த அளவு சால்மோனெல்லாவை ஆய்வகம் விட வேண்டும்; அது மீண்டு வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். கிருமிநாசினி கலக்காத கரைசலிலும் அதே அளவு விட்டுப் பார்த்தால், முறிக்கும் பொருளே கிருமியைக் கொல்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மாதிரிச் சீட்டில் கிருமிநாசினியின் பெயர், அளவு, மாதிரி எடுத்த நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.