தண்ணீர்மலை மயிலும் நாலு மென்பொருளும்: சிமுலேட்டர் விமானத்துக்கு லிவரி வரைய எது தோது?

கணினியில் ஓட்டுகிற சிமுலேட்டர் விமானத்துக்கு லிவரி, அதாவது வெளிப்பூச்சு, வரைய போட்டோஷாப்பா, கிம்ப்பா, பெயிண்ட் டாட் நெட்டா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, விமானத்தின் உடம்பில் தமிழில் ஏதாவது எழுதப் போகிறீர்களா என்பதுதான். சிரிப்பார்கள். ஆனால் என்னை இந்த அலசலுக்குள் இழுத்துவிட்டதே ஒரு தமிழ்ச் சொல்தான்.

போன தைப்பூசத்துக்கு முன்னால் ஆசை வந்தது. பினாங்கைத் தளமாகக் கொண்ட ஒரு கற்பனை விமான நிறுவனம், வாலில் மயில், அதன் தோகை அப்படியே சரிந்து பின் உடம்பு வரை இறங்க வேண்டும், முன்கதவுக்குப் பின்னால் அங்குள்ள முருகன் கோயில் மலையின் பெயரான 'தண்ணீர்மலை' என்று பெரிய எழுத்து, வயிற்றுப் பகுதி வெள்ளி ரதம் மாதிரி பளபளக்க வேண்டும். விமானம் போயிங் 737-800. எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டரை வாங்கினால் கூடவே வருகிறது, அதோடு நிஜத்திலும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அடிக்கடி பார்க்கிற வகை, அதனால் உட்கார்ந்து ஒப்பிட வசதி.

மென்பொருளுக்குப் போகும் முன் சிமுலேட்டரைப் பற்றிக் கொஞ்சம். வரைவது ஒரு வேலை என்றால், வரைந்ததை உள்ளே ஏற்றிப் பார்ப்பது இன்னொரு வேலை, இரண்டாவதுதான் ஆளைக் கொல்லும். எக்ஸ்-பிளேனில் விமானத்தின் கோப்புறைக்குள் 'லிவரீஸ்' என்று ஒன்று இருக்கும், அதற்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் 'ஆப்ஜெக்ட்ஸ்', அதில் மூலப் படத்தின் அதே பெயரில் உங்கள் படம். அவ்வளவுதான். டெவலப்பர் மெனுவில் விமானத்தை மறுபடி ஏற்றும் கட்டளை இருக்கிறது. படத்தைச் சேமித்து, அதை அழுத்தி, சுற்றிப் பார்த்து, மறுபடி திருத்தி என்று ஒரு மாலைக்குள் முப்பது நாற்பது தடவை செய்யலாம், நான் செய்திருக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 2020-இல் அப்படி இல்லை. கம்யூனிட்டி கோப்புறையில் முழுப் பொதியாகக் கட்ட வேண்டும்: மேனிஃபெஸ்ட், லேஅவுட் என்று இரண்டு ஜேசன் கோப்புகள், ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜி, விமானத்தின் தோல் படங்களுக்கான டெக்ஸ்சர் கோப்புறை, அதிலுள்ள ஒவ்வொரு டிடிஎஸ் வகைப் படத்துக்கும் பக்கத்தில் இன்னொரு குட்டி ஜேசன். லேஅவுட் கோப்பில் ஒவ்வொரு படத்தின் பெயரும் அளவும் பதிவாகியிருக்கும். புதுப் படத்தைச் சேர்த்துவிட்டு அதில் பதிய மறந்தால் சிமுலேட்டர் அந்தப் படத்தைக் கண்டுகொள்ளாது. அதைத் தானாக எழுதித்தரும் குட்டி நிரல் கிடைக்கிறது, அது இல்லாமல் இறங்காதீர்கள். வேறு லிவரியிலிருந்து நகலெடுத்த சிஎஃப்ஜியில் 'டைட்டில்' வரியை மாற்ற மறப்பது இன்னொரு கண்ணி. நான் அதில் விழுந்து, ஒரு சனிக்கிழமை முழுக்க படத்தில்தான் கோளாறு என்று படத்தையே திருத்திக்கொண்டிருந்தேன். 2024 பதிப்பில் இந்த ஏற்பாடே மாறிவிட்டது, பழைய வழிகாட்டியை வைத்துக்கொண்டு அதில் தேடாதீர்கள். ஃபிளைட்கியர் இலவசம், அதில் லிவரி என்பது ஒரு பிஎன்ஜி படமும் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பும்தான். பழகிப்பார்க்க அருமை, பிடித்த விமானம் நல்ல தரத்தில் அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, எழுத்துக்கு வருவோம். 'மலை' என்பதில் லகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு பின்னால் போய் நின்றால் எப்படி இருக்கும்? என் சித்தப்பா மகனிடம் பழைய போட்டோஷாப் இருந்தது, அதில் அடித்துக் கொடுத்தான், அப்படித்தான் வந்தது. படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "என்னண்ணே, மலையை உடைச்சிட்டீங்களே!" என்றார். இது போட்டோஷாப்பின் குறை என்பதைவிட அமைப்பைப் பற்றிய அறியாமை. அந்தப் பழைய பதிப்புகளில், விருப்பங்களில் எழுத்துப் பகுதிக்குப் போனால் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வு இருக்கும், அதை மாற்றிவிட்டு நிரலை மூடித் திறக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை. கிம்ப்பிலும், வெக்டர் படம் வரைகிற இங்க்ஸ்கேப்பிலும் இந்தத் தொல்லை இல்லை, யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அடித்தால் அடித்தபடி நிற்கிறது. பெயிண்ட் டாட் நெட்டில் எழுதி முடித்து வேறு இடத்தில் கிளிக் செய்த நொடியே எழுத்து படமாக உறைந்துவிடும், அப்புறம் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.

இங்க்ஸ்கேப்பை ஓவியக் கருவியாக இல்லாமல் எழுத்துக்கும் சின்னத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மயிலை அதில் வெக்டராக வரைந்துவிட்டால் 2048 புள்ளி அகலத் தாளுக்கும் ஏற்றலாம், 4096-க்கும் ஏற்றலாம், விளிம்பு மழுங்காது. எழுத்தையும் பாதையாக மாற்றிவிட்டால் யாருடைய கணினியில் திறந்தாலும் கொம்பு இடம் மாறாது.

அடுத்தது மூட்டு. லிவரி வரைந்த எல்லோரும் திட்டுகிற இடம் இது. விமானத்தின் தோலை உரித்துத் தட்டையாக விரித்த மாதிரிதான் டெக்ஸ்சர் தாள் இருக்கும், உடம்பு ஒரு இடத்தில், வால் வேறு இடத்தில், சில சமயம் வேறு தாளிலேயே, அதுவும் வேறு அளவில். உடம்பில் வட்டமாக வரைந்த தோகைக் கண் வாலுக்குப் போனதும் முட்டையாகிவிடும். என் தோகை வாலிலிருந்து சரிந்து உடம்புக்கு வர வேண்டும் அல்லவா, முதல் முயற்சியில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று பார்க்காத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்றன.

தட்டையாக வரைகிற எல்லா மென்பொருளுக்கும், காசு கொடுத்ததோ கொடுக்காததோ, இந்த இடத்தில் ஒரே நிலைமைதான். எனக்குக் கைகொடுத்தது பழைய உத்தி: இரண்டு தாள்களிலும் எண் போட்ட கட்டங்களை நிரப்பி, விமானத்தை ஏற்றி, மூட்டில் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண் வந்து நிற்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குறித்துக்கொள்வது. வால் தாளின் 7 உடம்புத் தாளின் 31-இன் நடுவில் வந்து உட்கார்ந்தால், தோகையின் கோடு 31-இன் நடுவிலிருந்து தொடர வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் ஒரு தடவை செய்தால் அந்த விமானத்துக்கு அது போதும்.

முப்பரிமாணத்திலேயே நேராகப் பூசுகிற சப்ஸ்டன்ஸ் பெயிண்டரும் பிளெண்டரும் இங்கேதான் முந்துகின்றன. தூரிகையை வாலிலிருந்து உடம்புக்கு ஒரே இழுப்பாக இழுத்தால் மூட்டு என்ற பேச்சே இல்லை. அழுக்கு, எண்ணெய்க் கசிவு, மழைத் தடம் எல்லாம் சப்ஸ்டன்ஸில் வருகிற அழகு வேறு எதிலும் வராது. ஆனால் அதற்கு விமானத்தின் முப்பரிமாண வடிவம் உங்கள் கையில் இருக்க வேண்டும், காசுக்கு விற்கிற விமானங்களில் பலவற்றுக்கு அது கிடைக்காது. எக்ஸ்-பிளேனின் வடிவக் கோப்பு வெறும் உரைக் கோப்புதான், 'ஓபிஜே' என்றே முடியும், ஆனால் மற்ற முப்பரிமாண நிரல்கள் படிக்கிற ஓபிஜே வேறு, பெயர்தான் ஒன்று. தனி இறக்குமதி நிரல் இல்லாமல் பிளெண்டர் அதைத் திறக்காது. எனவே இலவசம் என்று பிளெண்டருக்குத் தாவுகிறவர்கள் வரையவே தொடங்காமல் ஒரு வாரத்தை அதில் விடுவார்கள். நானும் விட்டேன்.

பளபளப்புக்கு வந்தால் கதை திரும்புகிறது. வெள்ளி நிறத்தைப் பூசினால் வெள்ளியாகாது, சாம்பல்தான் ஆகும். எது உலோகம், எது பளபளப்பு என்பதைத் தனிச் சேனலில், அதாவது படத்துக்குள் இருக்கிற சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்ற அடுக்குகளில் ஒன்றில், சொல்ல வேண்டும். எக்ஸ்-பிளேனின் உலோக முறையில், மேற்பரப்பின் மேடுபள்ளத்தைச் சொல்கிற நார்மல் மேப் என்ற தனிப் படத்தின் சிவப்பும் பச்சையும் மேடுபள்ளத்துக்கு, நீலம் உலோகத்துக்கு, ஆல்ஃபா பளபளப்புக்கு. மைக்ரோசாஃப்டில் அதற்குத் தனித் தாள், பச்சையில் சொரசொரப்பு, நீலத்தில் உலோகம். இந்த ஆல்ஃபாவில்தான் வில்லங்கம். படம் வரைகிற நிரல்கள் ஆல்ஃபா என்றால் ஒளிபுகும் தன்மை என்றுதான் நினைக்கும், அது பூஜ்யமாக இருக்கிற இடத்தில் அடியில் என்ன நிறம் இருந்தாலும் தூக்கி எறிந்துவிடும், மேடுபள்ளத் தகவல் அதோடு போச்சு. கிம்ப்பில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது, ஒளிபுகும் புள்ளிகளின் நிறத்தையும் சேமி என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் டிக் போட்டால் தீர்ந்தது. போட்டோஷாப்பில் ஆல்ஃபாச் சேனலைப் பிஎன்ஜிக்குள் தனியாக வைக்கச் செருகுநிரல் தேடிப் போட வேண்டும். மாதாமாதம் சந்தா கட்டுகிற மென்பொருள் தோற்று இலவசம் ஜெயிக்கிற இடம் இது. பெயிண்ட் டாட் நெட் சேனல் வேலைக்கு லாயக்கில்லை, மாஸ்க்கும் கிடையாது. ஆனால் டிடிஎஸ்ஸை அது திறந்து மூடுகிற வேகத்துக்காக அதை நான் இன்னும் அழிக்கவில்லை. வரைந்ததைக் கடைசியில் டிடிஎஸ் ஆக்குவது வீண் வேலை என்று நினைக்காதீர்கள், 4096 அளவுத் தாள் ஒன்று சுருக்காமல் நினைவகத்தில் 64 எம்பி பிடிக்கும், பிசி7 முறையில் சுருக்கினால் 16.

போட்டோஷாப்புக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விமானம் செய்தவர்கள் லிவரி வரைவதற்கென்று தருகிற மூலக் கோப்பான பெயிண்ட்கிட் பெரும்பாலும் போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாகத்தான் வரும், ஆணி, தகட்டுக் கோடு, நிழல், அழுக்கு என்று இருபது முப்பது லேயர். காசு கொடுத்து வாங்கிய ஒரு கிட்டை நான் கிம்ப்பில் திறந்தபோது நிழல் லேயர்கள் விளைவுகளை இழந்து கறுப்புப் பட்டையாக நின்றன. கிரீட்டா என்ற இலவச ஓவிய நிரலில் திறந்தேன், பெரும்பாலும் சரியாக வந்தது, அதிலிருந்து தட்டையாக்கி கிம்ப்புக்குக் கொண்டுவந்தேன். வாரம் ஒரு லிவரி செய்கிற ஆளாக இருந்தால் போட்டோஷாப்புக்குக் காசு கட்டுவதில் தப்பில்லை. வருஷத்துக்கு இரண்டு செய்கிற என் மாதிரி ஆளுக்கு அது ரோட்டிச் சானாய்க்கு மாவுமில் வாங்குகிற கதை.

இப்போது என் ஏற்பாடு: எழுத்தும் மயிலும் இங்க்ஸ்கேப், பூச்சும் சேனலும் கிம்ப், கிட் திறக்க கிரீட்டா, ஓட்டிப் பார்க்க எக்ஸ்-பிளேன். இதில் தீராதது ஒன்று இருக்கிறது. சில விமானங்களில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரே தாளைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் பயன்படுத்தியிருப்பார்கள். மயிலுக்கு அது வசதி, இரண்டு பக்கமும் தானாகவே மூக்கைப் பார்த்து நிற்கும். 'தண்ணீர்மலை' மட்டும் வலப்பக்கத்தில் திரும்பி நிற்கும். என் தம்பி அதே மயிலை அப்படியொரு சின்ன விமானத்தில் ஒட்டிவிட்டு, வலப்பக்கத்தைப் படம் எடுக்காமலே எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.