தொட்டுப் பார்க்கச் சொல்லும் கூடம்: சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில், எம்பார்கடெரோ சாலையின் 15ஆம் எண் துறைமேடையில் அமைந்திருக்கிறது எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம். வெளியிலிருந்து பார்த்தால் சரக்குக் கொட்டகை போலத் தெரியும்; ஒரு காலத்தில் கப்பல் சரக்குகளைக் கையாண்ட கொட்டகைதான் அது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை காலை அங்கே போனேன். உள்ளே 600க்கும் மேற்பட்ட காட்சிப்பொருள்கள் உள்ளன. மாலையில் வெளியே வந்தபோது நாங்கள் நின்று நிதானமாகப் பார்த்தவை முப்பதைத் தாண்டியிருக்காது. ஆனால் அந்த முப்பதையும் மூன்று பேரும் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

மகள் முதலில் நின்றது ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால். அதன்மீது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகளின் ஒளி ஒரே இடத்தில் விழுவதால் சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. நடுவில் ஆள் போய் நின்றால் மட்டும் நிழல்கள் வண்ணத்தில் விழுகின்றன: ஒன்று மயில்கழுத்து நிறத்துக்கு நெருங்கியது, ஒன்று வாடாமல்லி, ஒன்று மஞ்சள். "தாத்தா, உங்க நிழல் ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் கையைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கத் தொடங்கினாள். பிறகு சிவப்பு விளக்கைத் தன் உள்ளங்கையால் மறைத்தாள். சுவர் முழுவதும் மயில்கழுத்து நிறமாயிற்று. நிழல்கள் பச்சையும் நீலமுமாக மாறின. ஒவ்வொரு விளக்காக மறைத்துப் பார்த்து, நிழல் என்பது இருட்டு அன்று, ஒரு விளக்கு வராத இடத்தில் மற்ற இரண்டும் கலந்து நிற்பதுதான் என்பதை அவள் தன் சொந்தச் சொற்களில் சொல்ல ஏறக்குறைய பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெற்றோர் இங்கே செய்ய வேண்டிய மிகக் கடினமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

காட்சிப்பொருள்களின் அருகிலுள்ள பலகைகள் பாடத்தை முதலில் சொல்லிவிடுவதில்லை. எதை அசைக்கலாம், எங்கே நின்று பார்க்கலாம் என்பதைச் சொல்லி, ஏன் அப்படி நடக்கிறது என்பதை அதற்குப் பிறகே விளக்குகின்றன. ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராத என் அப்பா ஒரு பலகையையும் முழுதாகப் படிக்கவில்லை. ஆனாலும் எதிலும் பின்தங்கவில்லை.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. இக்கூடத்தை 1969இல் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வகத்தை வழிநடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி; தாமும் இயற்பியலாளர், அதே திட்டத்தில் பணியாற்றியவர். முன்பு பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினராக இருந்த காரணத்தால் 1949இல் மின்னசோட்டா பல்கலைக்கழகப் பணியை இழந்து, வேறெங்கும் பல்கலைக்கழக வேலை கிடைக்காமல், கொலராடோவில் பல ஆண்டுகள் மாடு வளர்த்தார். பிறகு அங்குள்ள சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரானார். குழந்தைகளோடு பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்துப் பாடம் நடத்திய அந்த அனுபவமும், பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தாமே வந்து செய்து பார்க்கும்படி அவர் அமைத்த சோதனைகளின் தொகுப்புமே இந்தக் கூடத்துக்கு விதை. 1985இல் இறக்கும்வரை அவரே இதன் இயக்குநர். 1915ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கட்டடத்தில் பல்லாண்டுகள் இயங்கிய பின், 2013 ஏப்ரலில் இப்போதைய துறைமேடைக்கு இடம்பெயர்ந்தது. 3.14 எனத் தொடங்கும் பை (π) என்ற கணித எண்ணுக்காக மார்ச் 14ஆம் நாளைப் 'பை நாள்' எனக் கொண்டாடும் வழக்கமும் 1988இல் இங்கே, லாரி ஷா என்ற இயற்பியலாளரால் தொடங்கியதுதான்.

என் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 32 ஆண்டுகள் லேத் ஓட்டியவர். அவரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவது குறித்து எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் அன்று எங்கள் மூவரில் அதிக நேரம் ஒரே இடத்தில் நின்றவர் அவர்தான்; நின்ற இடம் பட்டறை. காட்சிப்பொருள்களை இங்கே தங்கள் பட்டறையிலேயே வடிவமைத்துச் செய்கிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள். அந்தப் பட்டறை பின்கட்டில் ஒளிந்திருக்கவில்லை. பார்வையாளர்கள் கண்ணெதிரே, ஒரு தடுப்புக்கு அப்பால் இருக்கிறது. கழற்றிய தாங்கி ஒன்றை ஒருவர் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேரிங் தேஞ்சிருக்கான்னு பாக்கறான்மா. மாத்திட்டுத்தான் வெளிய வைப்பான்" என்றார் அப்பா. அதன் பிறகு ஒவ்வொரு காட்சிப்பொருளிலும் கைப்பிடி எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தத் திருகு புதியது என்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரத்தின் அறிவியல் மையம் ஒன்றுக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். அங்கே பத்துப் பொத்தான்களை அழுத்தினால் நான்கில்தான் விளக்கு எரிந்தது. மற்றவற்றின் மேல் 'பழுது' என்று எழுதிய தாள் மஞ்சளேறிக் கிடந்தது. வேலை செய்யாத சோதனையைப் பார்க்கும் குழந்தை, தான்தான் ஏதோ தவறாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. கைபட வைக்கும் பொருள் உடையத்தான் செய்யும். ஆகவே இப்படிப்பட்ட கூடத்தின் தரத்தை அதன் பட்டறையை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எக்ஸ்ப்ளோரட்டோரியம் தன் காட்சிப்பொருள்களைச் செய்யும் முறையை 'சமையல் குறிப்பு' என்ற பெயரில் தொகுதிகளாக வெளியிட்டு, பிற அருங்காட்சியகங்களும் செய்துகொள்ள வழிவிட்டது. உலகின் பல அறிவியல் மையங்களில் அந்த வண்ண நிழல்களைக் காண முடிவதில் வியப்பில்லை.

மனித நடத்தையைப் பற்றிய பகுதியில் எங்களைத் திகைக்க வைத்தது ஒரு குடிநீர்க் குழாய். கழிப்பறைக் கோப்பை ஒன்றையே குடிநீர்த் தொட்டியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அது ஒருபோதும் பயன்படுத்தப்படாதது, வருவதும் குடிநீர்தான். மகள் சிரித்துக்கொண்டே குனிந்து குடித்துவிட்டாள். நான் இரண்டு முறை குனிந்து இரண்டு முறையும் நிமிர்ந்தேன். அப்பா கிட்டேயே வரவில்லை. "புதுசுன்னு நீயே படிச்சுக் காட்டின. இருந்தாலும் மனசு ஒப்பலைம்மா" என்றார். அறிவு ஒன்று சொல்ல, அருவருப்பு வேறொன்று சொல்வதை உடம்பிலேயே உணர வைக்கும் சோதனை அது. திரும்பி வரும் ரயிலில், தம் சிறுவயதில் ஊரில் யாருக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள் என்று அப்பா தாமாகவே பேத்தியிடம் சொல்லத் தொடங்கினார். அதுவரை என்னிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

ஆளுயரத்தைவிடப் பெரிய குழியாடியின் முன்னால் கையை நீட்டினால், கண்ணாடிக்கு வெளியே காற்றில் தொங்கும் நம் பிம்பத்தின் கை நம்மோடு கைகுலுக்க வருகிறது. பாடநூலில் 'மெய்ப்பிம்பம்' என்று கோடுகள் வரைந்து படித்ததை நான் முதன்முறையாகக் கண்ணால் கண்டது அங்கேதான். நுண்ணோக்கிகளோடு உயிரினங்களைக் காட்டும் பகுதியை நாங்கள் வேகமாகக் கடந்துவிட்டோம். முழு இருட்டில் தொடுவுணர்வை மட்டும் நம்பித் தவழ்ந்து போகும் தொடுகைக் குவிமாடம் 1971 முதல் இக்கூடத்தின் அடையாளங்களில் ஒன்று. அதற்குத் தனியே முன்பதிவு வேண்டும். வெளியே, 150 அடி நீள நடைபாலம் ஒன்றில் ஜப்பானியக் கலைஞர் ஃபுஜிகோ நகாயா அமைத்த 800க்கும் மேற்பட்ட நுண்துளைக் குழாய்கள் நீரை மூடுபனியாகப் பீய்ச்சுகின்றன. பனி இறங்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். முன்னால் நடந்த மகள் நான்கடி தூரத்தில் மறைந்துபோனாள்.

நுழைவுக் கட்டணம் குறைவன்று; ஆகவே ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போவதே நல்லது. எம்பார்கடெரோ பார்ட் (BART) ரயில் நிலையத்திலிருந்து கரையோரமாகவே நடந்து போய்விடலாம். வியாழன் மாலை நேரம் 18 வயது நிரம்பியோருக்கு மட்டுமே உரியது என்பதால் குழந்தைகளோடு போவோர் அதைத் தவிர்க்க வேண்டும். வார இறுதிகளில் நீண்ட கூடம் முழுவதும் இரைச்சலாக இருக்கும். கூட்டத்தில் மிரளும் குழந்தையாக இருந்தால் வேலை நாளின் காலை நேரமே ஏற்றது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் மகிழ்ச்சியாக ஓடித் திரிவார்கள். ஆனால் நின்று யோசிக்க ஏழு வயதாவது ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாலே போதும். முதியவர்கள் கால் ஓய்ந்தால், மேடையின் கடைக்கோடியில் உள்ள கண்ணாடி மாடத்தில் விரிகுடாவையும் கப்பல்களையும் பார்த்தபடி அமர்ந்திருக்கலாம்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனைகளை இவர்கள் தங்கள் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மறுவாரமே மூன்று டார்ச் விளக்குகளில் வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டி, எங்கள் சமையலறைச் சுவரில் நிழல் பார்த்தோம். பச்சைத் தாள் வெளிறியிருந்ததால் மஞ்சள் நிழல் மட்டும் சரியாக விழவில்லை. அப்பா அந்தத் தாளை இரண்டாக மடித்து மறுபடி ஒட்டினார். மஞ்சள் வந்தது.