ஊட்டி ஏறி இறங்கும் காருக்கு எவ்வளவு காற்று? மூன்று வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

மேட்டுப்பாளையத்தில் காலையில் டயரில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்து ஏறிய வண்டி, ஊட்டி சேரிங் கிராஸ் வந்து நின்றதும் 38 காட்டும். "காத்து ஜாஸ்தியா இருக்கு சார், கொறச்சிரட்டுமா?" என்று பங்கில் கேட்பார்கள். சரி என்று தலையாட்டினால், மறுநாள் காலை நாலு டயரிலும் 28தான் இருக்கும். அதே வண்டியில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிக்கொண்டு குன்னூர் இறக்கத்தில் இறங்குவார்கள். மலையில் டயர் காற்று விஷயத்தில் நடக்கிற பெரிய தப்பு இதுதான்.

இங்கே பேசும் வண்டி முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக். 165/80 ஆர்14 டியூப்லெஸ் டயர். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ. முழு பாரத்துக்குப் பின்சக்கரத்தில் மட்டும் 36. குன்னூர், கோத்தகிரி என இரண்டு பாதையிலும், இடையில் எஸ்டேட் ரோடுகளிலும் ஓடுகிறது.

அந்த 38 எங்கிருந்து வருகிறது? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது: கீழே சுமார் 14.1 பிஎஸ்ஐ, மேலே 11.2. டயருக்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கேஜ் காட்டும். ஆகவே ஒரு சொட்டுக் காற்றும் சேராமலே 3 கூடிவிடுகிறது. ஏற்றத்தில் உருண்ட சூடு மீதி 2. ராத்திரி டயர் ஆறி, காலையில் 10 டிகிரிக்கு வந்ததும் குளிர் ஐந்தையும் திருப்பி எடுத்துக்கொள்ளும். கை வைக்காமல் விட்ட டயர் ஊட்டிக் காலையில் மறுபடி 33 அருகிலேயே நிற்கும். உயரம் கூட்டியதைக் குளிர் கழித்துவிடுகிறது.

இறங்கும்போதும் அதே கணக்குதான், தலைகீழாக. ஊட்டியில் குளிர்ந்த காலையில் 33 வைத்தால் கீழே 30 டிகிரியில் ஆறிய பிறகும் 33. ஊட்டியில் 28 ஆகிவிட்ட டயர் கீழே போனாலும் 28தான், சமவெளி வெயில் அதைத் தூக்கிவிடாது. அந்த 28-ஐ வைத்துக்கொண்டு கோவை ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக மடங்கி நிமிர்ந்து சூடேறும். டயர் வெடிப்பதற்கு முக்கியமான காரணம் அந்தச் சூடு.

காற்றை அளப்பதற்கு முன் வண்டி ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும், குறைந்தது மூன்று மணி நேரமாவது. வெயில் படுவதற்கு முன் பார்க்க வேண்டும்; ஒரு பக்கம் வெயில் விழுந்தால் அந்தப் பக்க டயர்கள் கூடுதலாகக் காட்டும். சூடான டயரைப் பார்த்தே ஆகவேண்டிய நிலை வந்தால் எண்ணைப் பார்க்காமல் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று டயர் 38, ஒன்று மட்டும் 34 என்றால் அதை 38-க்கு ஏற்றிவிட்டு, அதில் பஞ்சரா என்று தேட வேண்டும். எதிலும் காற்றை இறக்கக் கூடாது.

ஓட்டும்போது தெரிகிற வித்தியாசத்துக்கு வருவோம். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். முன் டயரில் 33 இருந்தால் வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தியதும் ஸ்டீயரிங் தானாக நேராகும். 28-ல் சோம்பலாக வரும், கொஞ்சம் கையால் இழுத்துவிட வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கை ஒடித்ததற்கும் மூக்கு திரும்புவதற்கும் நடுவே ஒரு நொடித் துணுக்கு தாமதம். பக்கச்சுவர் முதலில் சாய்ந்து, பிறகுதான் ரோட்டைத் தொடும் பட்டை திரும்புகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் இது இன்னும் கூடும். நினைத்த கோட்டை விட்டு வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும். பின் டயரில் மட்டும் காற்று குறைந்திருந்தால் அதைவிட மோசம், வளைவில் பின்பக்கம் தள்ளும். முன்பக்கம் ஒதுங்கினால் வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின்பக்கம் தள்ளினால் பழகாதவர் கைக்கு அடங்காது. முழு பாரத்துக்கு ஸ்டிக்கர் சொல்லும் 36-ஐத் தயவுசெய்து வையுங்கள்.

ஆறிய நிலையிலேயே 38 வைப்பவர்களும் உண்டு, மைலேஜுக்காக. ரோட்டைத் தொடும் பட்டை சுருங்கி நடுப்பகுதி மட்டும் பாரம் தாங்கும். ஈரமான கொண்டை ஊசியில் முதல் கியரில் ஏறும்போது உள்பக்க முன் சக்கரம் ரோட்டைப் பற்றாமல் சுற்றுவது அப்போதுதான். எஸ்டேட் ரோட்டில் ஒவ்வொரு ஜல்லியும் முதுகில் வந்து இடிக்கும். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 44 அல்லது 51 அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் வண்டிக்கான அளவு அதில்லை.

மலைப்பாதையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீர் மேல் டயர் மிதக்கும் ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. அது சமவெளி வேகத்துக்கு உரியது. இங்கே வழுக்குவது தேயிலைத் தோட்டத்திலிருந்து கரைந்து வரும் செம்மண்ணும், யூகலிப்டஸ் இலையும், லாரி சிந்திய டீசலும். அவற்றுக்குக் காற்றைக் குறைத்துப் பயனில்லை, டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது. மலை மழைக்கு 3 ஆனதும் மாற்றிவிடுவது நல்லது.

தேய்மானத்தில் ஒரு குழப்பம். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடுப்பகுதி. மலை வண்டியில் காற்று சரியாக இருந்தாலும் முன் டயர்களின் வெளி ஓரம் தேயும், கொண்டை ஊசிகளின் உரசல் அப்படி. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒருமுறை உள்ளிருந்து வெளியே, ஒருமுறை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்று போய், மறு திசையில் ரம்பப் பல் மாதிரி கையைத் தடுத்தால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போயிருக்கிறது. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் வெறும் வளைவுத் தேய்மானம். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் போதும்.

கல்லாறில் இறங்கி நின்றதும் முன் டயர்கள் பின் டயர்களைவிடக் கூடுதலாகக் காட்டும். பிரேக் சூடு ரிம் வழியாக ஏறியிருக்கிறது, பயப்பட வேண்டாம். இடதும் வலதும் ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சூடாக இருந்தால் அந்த பிரேக் சரியாக விடவில்லை.

நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், குளிருக்கும் சூட்டுக்கும் ஒரே மாதிரிதான் சுருங்கி விரியும்.

சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள். பங்குக்குப் பங்கு 2, 3 மாறுகிறது. அளந்த பிறகு வால்வு வாயில் விரலால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டு வையுங்கள். கடுகளவு குமிழி ஒன்று மெல்ல ஊதிக்கொண்டு வந்தால் வால்வுக்குள் இருக்கும் ஊசி கசிகிறது. மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். வால்வு மூடியில் மாட்டும் சென்சார் போட்டிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அவற்றில் சில, வெளிக்காற்று எப்போதும் கடல் மட்டத்து அளவிலேயே இருப்பதாக வைத்துக் கழித்துக் காட்டும். ஊட்டியில் கேஜ் 33 சொல்லும்போது அது 30 என்று அலறும். அப்போது கேஜைத்தான் நம்ப வேண்டும்.