"பேட்டரி செத்துப்போச்சு சார்" என்றால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்

வீட்டுக்கே வந்து வண்டியைக் கிளப்பித் தருகிற மெக்கானிக் ஒருவர், 35 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி போட்ட சின்ன பெட்ரோல் காருக்குச் செய்த வேலை இது. எந்தக் கடை என்பது வேண்டாம், இந்தப் பாணி எல்லா ஊரிலும் உண்டு.

சில நாள் நின்ற வண்டி. சாவியைத் திருப்பினால் டக் டக் சத்தம், செல்ஃப் எடுக்கவில்லை. வந்தவர் மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. இன்னொரு பேட்டரியிலிருந்து மெல்லிசான ஜம்பர் கேபிளை மாட்டிக் கிளப்பினார். இன்ஜின் ஓடும்போதே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிக் காட்டி, "ஆல்டர்னேட்டர் ஓகே, பேட்டரிதான் போச்சு" என்றார். ஆல்டர்னேட்டர் என்பது ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர். புதுசை மாட்டிவிட்டுப் பழசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பில்லில் பழைய பேட்டரிக்கு ஒரு பைசா கழிவு இல்லை. அடுத்த சில நாள் வண்டி நின்றதும் புது பேட்டரியும் படுத்துவிட்டது. டேஷ்கேமுக்கு நேரடியாக இழுத்திருந்த வயர், சாவியை எடுத்த பிறகும் 300 மில்லி ஆம்பியர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 7.2 ஏஎச். மூன்றே நாளில் பாதிக்கு மேல் காலி.

சார்ஜ் இறங்கிய பேட்டரியும் செத்த பேட்டரியும் அந்த நேரத்தில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். முழுசாக சார்ஜ் ஏற்றிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். ஏஎச் அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட், அதாவது 35 ஏஎச் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், சுமார் 14.4 வோல்ட்டில் ஒரு ராத்திரி முழுக்க ஏற வேண்டும். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 10.5 பக்கமே நின்றால் ஒரு செல் ஷார்ட், அதற்குமேல் வைத்தியம் இல்லை. 12.6 காட்டியும் செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்றத்தான் வேண்டும். "ரெண்டு மணி நேரத்துல ஏத்தித் தரோம்" என்பவர் அதிக கரண்டைத் தள்ளி உள்ளிருக்கும் ஈயப் பிளேட்டைச் சூடாக்கி வளைக்கிறார். ஆசிட் ஊற்றுபவர் இன்னும் மோசம். ஆசிட் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் நல்ல ரீடிங் காட்டும், பிளேட் அரித்துப்போகும். மூடி திறக்கிற பேட்டரியில் குறைந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

ஓடும் இன்ஜினில் டெர்மினலைக் கழற்றுவது சோதனையே அல்ல. பேட்டரி இணைப்பு திடீரென அறுபடும்போது ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் எகிறும். இசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போனால் அந்தச் செலவு பேட்டரியைப் போல பல மடங்கு. இன்ஜின் ஓடும்போது மீட்டரை டெர்மினலில் வைத்து 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்று பார்த்தாலே போதும்.

ஜம்ப் செய்யும்போது இரண்டு வண்டியையும் அணைத்துவிட்டு, சிவப்பை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனையை நின்ற வண்டியின் இன்ஜின் பாகத்தில், பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசியாக மாட்டும் இடத்தில்தான் தீப்பொறி பறக்கும். பேட்டரி ஓரம் ஹைட்ரஜன் இருக்கும். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு செல்ஃப் அடியுங்கள். கழற்றுவது தலைகீழ் வரிசை. கேபிள் செம்பில் 16 சதுர மில்லிமீட்டராவது வேண்டும், டீசலுக்கு 25. லாரியிலிருந்து எடுக்கச் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுங்கள், அது பெரும்பாலும் 24 வோல்ட்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்ச் விலை, எக்ஸ்சேஞ்ச் இல்லாத விலை இரண்டையும் முதலிலேயே கேளுங்கள். சீரியல் நம்பரும் தேதியும் வாரண்டி கார்டில் இருக்கட்டும். ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்புவது) உள்ள வண்டிக்குச் சாதாரண பேட்டரியைத் தலையில் கட்டுவார்கள், அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

புதுசு போடும் முன், நின்ற வண்டியில் கரண்ட் கசிவையும் அளக்கச் சொல்லுங்கள். வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் விட்டு, நெகட்டிவ் வயரில் டிசி மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் மீட்டர்) வைத்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் எந்தச் சர்க்யூட் என்று தெரிந்துவிடும்.