சுடுதண்ணீரா, உப்புத்தாளா, சாணிக் கரைசலா?

பழனி மலையில் நாற்றங்கால் போடுகிறவர்களிடம் எந்த மரத்து விதையைக் கொடுத்தாலும், "சுடுதண்ணியில போடணுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரத்தை நட்ட காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறேன். வாட்டில் விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. சூடு பட்டால்தான் திறக்கும். காடு எரிந்த இடத்தில் அது மண்டி முளைப்பதும் அதனால்தான். அதே வைத்தியத்தைச் சோலை மரத்துக்கு, அதாவது மலைமேல் உள்ள பசுமைமாறாக் காட்டு மரத்துக்கு, செய்தால் விதை வெந்துவிடும்.

முதலில் பத்து விதையைச் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டுப் பாருங்கள். விதை ஊதிப் பெருத்தால் சுடுதண்ணீர் வேண்டாம். ஊதாமல் கல்லாகக் கிடந்தால் தோலில்தான் சிக்கல்.

சரக்கொன்றை இந்த இரண்டாவது ரகம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்ட வேலியோரத்துக்குப் பலர் கேட்கும் மரம். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையைப் போட்டு, விடியும்வரை ஆறவிடலாம். செலவே இல்லை, ஆனால் முளைப்பு முன்னும் பின்னுமாக வரும். ஊதாதவற்றுக்கு மறுபடி சுடுதண்ணீர் வைக்க வேண்டும். அடர் கந்தக அமிலத்தில் சீராக முளைக்கும். ஆனாலும் பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டு நாற்றங்காலில் அந்தப் பாட்டிலே இருக்கக் கூடாது. சில நூறு விதைதான் என்றால் என் ஓட்டு உப்புத்தாளுக்கு. காம்பு ஒட்டியிருந்த முனையைத் தொடாமல், பக்கவாட்டில் உள்நிறம் தெரியும்வரை தேய்த்து ஊறப்போட்டால் போதும். கைதான் வலிக்கும்.

கடுக்காய் வேறு கதை. கொட்டையே மரக்கட்டை மாதிரி. சாணிக் கரைசலில் புளிக்கவிட்டால் ஓடு மெல்ல இளகும். நாளும் நாற்றமும் அதிகம். கொட்டையின் அகன்ற முனையைப் பருப்பில் படாமல் நறுக்கி, ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பது எனக்குப் பிடித்த வழி. பாக்குவெட்டி பழகிய கை இருந்தால் சுலபம். மூட்டைக்கணக்கில் என்றால் சாணிதான்.

சோலைக்கு வந்தால் இந்தப் போட்டியே அடங்கிவிடுகிறது. நாவல் வகைகளுக்கு எதிரி உலர்ச்சி. சதையைக் கழுவிய கையோடு விதைக்க வேண்டும். "நல்லா காயட்டும்" என்று சாக்கில் பரப்பி வைத்தால் விதை செத்துவிடும். நாவலில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகூட வரும், பிரித்து நடலாம். காட்டுச் செண்பகத்தின் விதையை மூடியிருக்கும் செந்நிறச் சதையில் எண்ணெய்ப் பசை உண்டு. மணலோடு பிசைந்து கழுவி, ஈரம் போகாமல் விதைக்க வேண்டும். உள்ளே கரு ரொம்பச் சின்னது; அது வளர்ந்த பிறகே முளை வரும். அமிலமோ உப்புத்தாளோ இதை அவசரப்படுத்தாது. முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை வாங்கி முயல்கிறவர்களும் உண்டு. சின்ன நாற்றங்காலுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பேன்.

உருத்திராட்ச இனங்கள் மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். பாத்தியில் விதைத்த தேதியை எழுதி ஒரு பலகை நட்டு வையுங்கள். இல்லாவிட்டால் களை எடுக்க வருகிறவர்கள் வெறும் பாத்தி என்று கொத்திப்போடுவார்கள்.