புள்ளிக் கணக்கும் கிலோக் கணக்கும்: செட்டிநாட்டிலிருந்து வாடகை ஜெட்

செட்டிநாட்டு நகரத்தார் நாம் ஆள் எண்ணுவது புள்ளியில், கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. "அஞ்சு புள்ளி வருது" என்றால் சமையல்காரர் இலைக்கணக்கைப் போட்டுவிடுவார். வாடகை விமானக்காரரிடம் அது செல்லாது. தலை எத்தனை, எடை எவ்வளவு, பெட்டி எத்தனை, அதன் நீள அகலம் என்ன என்றுதான் கேட்பார். அஞ்சு புள்ளி என்றால் பெரியவர்களே 10 பேர். பிள்ளைகளில் 2 வயது நிறைந்தவர்களுக்கெல்லாம் தனி இருக்கை வேண்டும். 8 இருக்கை விமானம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

நடுத்தர வகையில் ஹாக்கர் 800எக்ஸ்பி, செஸ்னா சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சௌகரியமாக 8 பேர். உள் உயரம் 1.75 மீட்டருக்குள்தான், ஆறடி ஆள் குனிந்துதான் நடக்க வேண்டும். இருக்கையைவிடச் சாமான்தான் இங்கே தலைவலி. ஹாக்கரில் சாமான் இடம் ஏறும் கதவை ஒட்டி உள்ளேயே இருக்கிறது, சுமார் 50 கன அடி. பெட்டி, பை, தூக்கு எல்லாமே ஆள் ஏறும் கதவு வழியாகத்தான் போயாக வேண்டும். விறைப்பான பெரிய சூட்கேஸ் நாலு வைத்ததும் இடம் தீர்ந்துவிடும். மடங்கும் துணிப்பை என்றால் எட்டு கூட அடங்கும். கழற்ற முடியாத நாலடிக் குத்துவிளக்கை மறந்துவிடலாம். சைட்டேஷனில் வால் பக்கம் வெளிக்கதவோடு தனிச் சாமான் அறை இருப்பதால் இந்த நெருக்கடி குறைவு. ஆனால் அதில் டாங்கை நிரப்பினால் நாலைந்து பேருக்கு மேல் எடை தாங்காது. திருச்சியிலிருந்து காசி சுமார் 1,700 கிலோமீட்டர், அதற்கு 8 பேரோடு போகலாம். பினாங்கு சுமார் 2,450 கிலோமீட்டர். மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருளையும் சேர்த்தால் 8 பேரும் சாமானும் இழுபறிதான். ஹாக்கர் அந்தத் தூரத்தை எளிதாகத் தாண்டும்.

பெரிய வகைக்கு வந்தால் சேலஞ்சர் 605, எம்ப்ரேயர் லெகசி 600. சேலஞ்சரின் அகலம் 2.49 மீட்டர், உயரம் 1.85. பத்துப் பன்னிரண்டு பேர் காலை நீட்டி உட்காரலாம். லெகசி அகலத்தில் ஒடுக்கம், 2.1 மீட்டர்தான், ஆனால் நீளம். மூன்று பகுதியாகப் பிரிந்த அறையில் 13 பேர். சாமான் இடம் 240 கன அடி, பறக்கும்போதே உள்ளே போய் எடுக்கலாம். சீர் சாமானோடு போகும் கல்யாணக் கூட்டத்துக்கு எங்கள் தேர்வு லெகசிதான். வயதானவர்கள் 9, 10 பேர் பினாங்கு தைப்பூசத்துக்குப் போகிறார்கள் என்றால் சேலஞ்சர். 20 பேரைத் தாண்டினால் ஜெட் ஆசையை விட்டுவிட்டு, வழக்கமான விமானத்தில் குழுப் பதிவு போடுவதே புத்திசாலித்தனம்.

விலைச்சீட்டில் பலர் ஏமாறுவது காலியாகப் பறக்கும் நேரத்தில். விமானம் மும்பையில் நிற்கிறது என்று வையுங்கள். மும்பை–திருச்சி 1 மணி 40 நிமிடம் ஆளில்லாமல் வரும். திருச்சி–காசி 2 மணி 20, திரும்பி 2 மணி 20, மறுபடி மும்பைக்கு 1 மணி 40. ஆக 8 மணி நேரம், நீங்கள் உட்கார்வதோ 4 மணி 40 நிமிடம். மணிக்கு 3 லட்சம் என்று பேசினால் 24 லட்சம், 18 சதவீத ஜிஎஸ்டி 4.32 லட்சம், மொத்தம் 28.32 லட்சம். 8 பேருக்குத் தலைக்கு 3.54 லட்சம். இரவு தங்கும் கட்டணம், தரையிறங்கும் கட்டணம், விமானிகளின் ஓட்டல் செலவு இதில் சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பறக்காத நாளுக்கும் குறைந்தபட்சம் 2 மணி நேரம் போடுகிறவர்கள் உண்டு. பெங்களூரிலோ சென்னையிலோ நிற்கும் விமானம் மணிக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் மொத்தத்தில் மலிவாக முடியலாம்.

தரகர் காட்டும் படத்தை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். விமானத்தின் பதிவு எண், அதை இயக்கும் நிறுவனத்தின் பெயர், அந்த நிறுவனத்துக்கு விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. கொடுத்த என்.எஸ்.ஓ.பி. என்ற வாடகை விமான அனுமதி, காப்பீட்டு நகல், இந்த நாலும் கைக்கு வர வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான விமானத்தை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். விபத்து என்றால் காப்பீடும் கைவிரிக்கும். "இணையான வேறு விமானம் தரப்படலாம்" என்ற வரி இருந்தால், இணை என்பது இருக்கையிலா, சாமான் இடத்திலா என்று எழுதி வாங்குங்கள்.

எந்த நிலையம் என்பதில் எங்கள் ஓட்டு திருச்சிக்கு. காரைக்குடியிலிருந்து திருச்சி, மதுரை இரண்டுமே 90 கிலோமீட்டரை ஒட்டித்தான். ஆனால் திருச்சி நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. மதுரைக்கு மேலூர் தாண்டிச் சுற்றுச்சாலையில் போய் அவனியாபுரம் பக்கம் இறங்க வேண்டும். செட்டிநாட்டில் இருக்கும் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் பயன்பாட்டில் இல்லை.

மார்கழி, தை மாதங்களில் காசியில் காலைப் பனிமூட்டம். 7 மணிக்குக் கிளம்பத் திட்டமிட்டால் முற்பகல் வரை உட்கார வைத்துவிடும். விமானிகளின் பணி நேரம் அவர்கள் நிலையத்துக்கு வந்ததிலிருந்தே ஓடுகிறது. அது தீர்ந்தால் அன்று பறக்க மாட்டார்கள், இன்னொரு இரவுச் செலவு உங்கள் தலையில். திரும்பும் நேரத்தை நண்பகலுக்கு மேல் வையுங்கள்.

தனி விமானம் என்றாலும் பாதுகாப்புச் சோதனை உண்டு. கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரைத் தேங்காய் மூன்றும் வீட்டிலேயே நிற்கட்டும். முட்டிவலி உள்ள ஆச்சிமாருக்கு விமானப் படி செங்குத்து, பிடிகம்பியும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். ஏற்றித்தரும் லிஃப்ட் வண்டி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டலாம், ஆனால் விமானத்தில் அடுப்பு கிடையாது. லெகசியில் சூடுபடுத்த வசதி இருக்கும். ஹாக்கர் சிலவற்றில் காப்பிக்கு வெந்நீர் மட்டும்தான். கந்தரப்பமும் சீப்புச்சீடையும் ஆறினாலும் தின்னலாம், இடியாப்பம் விறைத்துப் போகும்.